வீரய்யா வீட்டுப் பூசாத சுவர்

வீடு கட்டுகிறவன் வயரிங் வேலையை எப்போது தொடங்க வேண்டும் என்று என்னிடம் கேட்காத ஆள் நமுனுகுலப் பக்கம் இல்லை. நானும் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். சுவர் எழும்பி, கூரை மூடி, கதவு ஜன்னல் நிலைகள் நின்ற பிறகு. பூச்சு வேலைக்கு முன்னால். அந்த நேரத்தில்தான் வயரிங் பாஸ் (எங்கள் பக்கம் கைவேலைக்காரன் எல்லாரும் பாஸ்தான்) வந்து சுவரில் கோடு போட்டு, வெட்டி, பைப்பைப் பதித்து, சுவிட்ச் பெட்டிகளை உட்கார வைக்க வேண்டும். அவன் முடித்ததும் மேசன் நான் பூசுவேன். பூச்சுக் காய்ந்த பிறகு அவன் திரும்பி வந்து பைப்புக்குள் வயரை இழுப்பான். இவ்வளவுதான் விஷயம்.

ஆனால் நம்முடைய ஆட்கள் என்ன செய்வார்கள்? பால் காய்ச்ச நாள் பார்த்துவிட்டு வந்து நிற்பார்கள். "பூசிருங்க பாஸ், கரண்டப் பொறகு பாத்துக்கலாம்" என்பார்கள். நான் வழவழவென்று பூசிக் கொடுத்த சுவரை, பால் காய்ச்சி முடிந்த கையோடு ஒருவன் வந்து உளியால் கொத்துவான். என் முதுகிலேயே கொத்துகிற மாதிரி இருக்கும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். அது எங்கே நின்றால் இவர்களுக்கு என்ன?

என்னை ஆகக் கூடுதலாகக் காக்க வைத்தவன் வீரய்யா. அவன்தான் எங்கள் பக்கத்து வயரிங் பாஸ். நாங்கள் இருவரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவன் மெலிந்த ஆள், பேச்சு அதைவிட மெலிவு. வாலிப வயதில் மொனராகலையில் ஒரு பாஸுக்குக் கீழே வேலை பழகிக்கொண்டு வந்தான். ஒரு தோல்பை, அதற்குள் டெஸ்டர், குறடு, சாக்குக்கட்டி. அந்தப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தேயிலைக்கு நடுவே அவன் நடந்து வருவதைப் பார்த்தால் எங்கோ ஒரு வீட்டுச் சுவர் எழும்பிவிட்டது என்று அர்த்தம்.

மகள் ஜெயந்தினி தவழும் வயதில் இருக்கும்போதே அவன் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளையை வளர்த்தது ஒட்டிய வீடான பக்கத்துக் காம்பராவில் இருந்த பாக்கியலெட்சுமி. அவளும் தனி ஆள்தான். புருஷன் இறந்து, மகன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டார்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்து, இடுப்பில் கட்டிய ஈரப் படங்கை அவிழ்க்கும் முன்பே "புள்ள சாப்பிட்டுச்சா?" என்று சுவருக்கு மேலால் சத்தம் கொடுப்பாள்.

சுவருக்கு மேலால் என்றால், தோட்டத்து லய வரிசை வீட்டில் பிறந்தவர்களுக்கு விளங்கும். இரண்டு காம்பராவுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் வெறும் வெளி. அந்த வெளியில் ஒரே ஒரு பல்ப் தொங்கும். இந்தப் பக்கமும் அதுதான் வெளிச்சம், அந்தப் பக்கமும் அதுதான். சுவிட்ச் மட்டும் பாக்கியலெட்சுமி பக்கத்துச் சுவரில். பொழுது சாய்ந்ததும் ஜெயந்தினி, "அத்தே, லைட்டு!" என்று கூப்பிடுவாள். பல்ப் எரியும். படுக்கப் போகும்போது, "அத்தே, அணைச்சிருங்க!" அணையும். அந்தப் பிள்ளை சுவிட்சைத் தொட்டுப் பார்த்து வளரவில்லை, கூப்பிட்டு வளர்ந்தது.

ஊருக்கெல்லாம் வயர் இழுக்கிறவன் சொந்தக் காம்பராவில் ஒரு சுவிட்ச் போட்டுக்கொள்ளவில்லையே என்று நான் அவனைக் கேலி செய்திருக்கிறேன். அவனும் ஒருமுறை பாக்கியலெட்சுமியிடம் கேட்டானாம். அவள் சொன்ன பதிலை அவனே என்னிடம் சொன்னான்: "நீங்களே போட்டு நீங்களே அணைச்சிக்கிட்டா, அந்தப் பக்கம் ஆளு உசுரோட இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" அன்றைக்கு நாங்கள் இதைச் சொல்லிச் சிரித்தோம்.

பிறகு அந்த மழை வந்தது. நாள் முழுக்க ஊற்றிய மழை. வீரய்யா பதுளையில் ஒரு வீட்டில் வேலையாக நின்றுவிட்டான், பஸ் ஓடவில்லை. ஜெயந்தினி தனியாக இருந்தாள். பொழுது மங்கிக்கொண்டிருந்தபோது லயத்துக்குப் பின்னால் மலை இறங்கியது. முதல் மண் வந்து அடுப்படியை நிரப்பியது. கூரை மரம் ஒன்று சரிந்து முன்கதவுக்குக் குறுக்கே விழுந்தது. கண் தெரியாத இருட்டு. அப்போது நடுச்சுவருக்கு மேலே பல்ப் எரிந்தது. அந்த வெளிச்சத்தில் மரத்தைத் தள்ளி, கதவுக் கொண்டியைத் தேடித் திறந்து பிள்ளை வெளியே ஓடியது. அவள் மாரியம்மன் கோயில் படியை எட்டியபோது மிச்ச மலையும் வந்துவிட்டது. பாக்கியலெட்சுமி வெளியே வரவில்லை. நாள்கணக்காகத் தோண்டினார்கள். மண் அவளைத் திருப்பித் தரவில்லை.

வீரய்யா நடந்தே வந்து சேர்ந்தான். மகளைக் கட்டிப்பிடித்து அழுதான். அப்புறம் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டான் என்று சொன்னார்கள்: "லைட்டு விட்டு விட்டு எரிஞ்சிச்சா, நின்னு எரிஞ்சிச்சா?" நின்று எரிந்தது என்றாள். அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை. பயத்தில் உளறுகிறான் என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

சில வருஷம் கழித்து, வீடு இழந்தவர்களுக்கு மேட்டில் புது வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். சுவர் எழுப்பவும் பூசவும் நான், வயரிங்குக்கு அவன். அங்கேதான் அவனுடைய புதுப் பழக்கத்தைப் பார்த்தேன். கூரை போட்டு முடிந்த வீட்டுக்குள் வீட்டுக்காரர்களைக் கூட்டி வந்து கண்ணை மூடச் சொல்வான். "இருட்டுல எந்திரிக்கிறீங்க. லைட்டப் போடுங்க" என்பான். கை எந்த இடத்தில் சுவரைத் தொடுகிறதோ அங்கே சாக்குக்கட்டியால் ஒரு வட்டம். அதற்குப் பிறகுதான் பைப்புக்குக் கோடு.

எனக்கு எரிச்சலாக இருந்தது. பிளானில் சுவிட்ச் எங்கே என்று போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன கண்ணாமூச்சி? ஆனால் பார்க்கப் பார்க்க அந்த எரிச்சல் போய்விட்டது. புது வீட்டில் கதவு ஒரு பக்கம் இருக்கும், இவர்கள் கை வேறு பக்கம் போகும். கண்ணை மூடினால் மண்ணுக்குள் போன லயம் அப்படியே எழும்பி நின்றுவிடுகிறது அவர்களுக்கு. சுவரே இல்லாத இடத்தில் கையை வைத்துத் தடுமாறுவார்கள். ஒரு பொம்பிளை கண்ணை மூடியபடி, தொட்டிலில் கால் தட்டாமல் சுற்றிப் போவது போல வளைந்து நடந்தாள். அங்கே தொட்டில் ஏது? அந்தப் பிள்ளையையும் மண் கொண்டுபோய்விட்டதே. நான் வெளியே வந்து தண்ணீர் குடித்தேன்.

சிரிப்பும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஓய்வு பெற்ற கங்காணி ஒருவரைக் கண்ணை மூடச் சொன்னால் அவர் கை நேரே சட்டைப் பைக்குப் போனது. டோர்ச் எடுக்கிறாராம். வீரய்யா முகத்தை நேராக வைத்துக்கொண்டு, "அங்க பைப் இழுக்க முடியாதுங்கய்யா" என்றான்.

இப்படி எல்லார் வீட்டுக்கும் வயரிங் முடிந்தது. பூச்சு முடிந்தது. பால் காய்ச்சிக் குடி போனார்கள். கடைசி வீடு ஒன்று மட்டும் நின்றது. வீரய்யாவின் வீடு.

அந்த வீடு வரிசையின் ஓரத்தில் இருக்கிறது. வாசலில் நின்றால் எதிர்மலையில், லயத்தின்மேல் மண் சரிந்த இடம் தெரியும். சுற்றிலும் பச்சை, நடுவில் சிவப்பாக நீளமாக ஒரு காயம். எத்தனை மழை பெய்தும் அதில் புல் பிடிக்கவில்லை. வீட்டுக்குச் சுவர் நின்றது, கூரை போட்டாகிவிட்டது, நிலைகள் நின்றன. வயரிங் தொடங்க வேண்டிய நேரம் வந்து, போய்க்கொண்டும் இருந்தது. கேட்டால், "கல்லு இன்னும் காயல" என்பான். கல் காய்ந்து கருவாடாகிவிட்டது. பிறகு, "பைப் வரல" என்பான். பைப் மூலையில் சாய்ந்து நின்றது.

எனக்கு அவசரம் இல்லை. அவசரம் ஜெயந்தினிக்கு. அதற்குள் அவள் நிஷாந்த் என்கிற நல்ல பையனைக் கட்டியிருந்தாள். அவன் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறை வருவான். அவள் அப்பாவோடு, தற்காலிகம் என்று கொடுத்த ஒரு பழைய லயக் காம்பராவில் இருந்தாள். அதற்கும் பின்னால் ஒரு மலை. பிள்ளை உண்டாகி மாதம் நெருங்கிவிட்டது. மழைக்காலமும் நெருங்கிவிட்டது. "மாமா, ஆஸ்பத்திரியில இருந்து புள்ளயத் தூக்கிக்கிட்டு நான் அந்தக் காம்பராவுக்குப் போக மாட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். "ரோட்டுல கூடப் படுத்துக்குவேன், மலைக்குக் கீழ படுக்க மாட்டேன்." பூசாத சுவர் மழையை உறிஞ்சி உள்ளே விடும். பச்சைப் பிள்ளையை அதற்குள் வைக்க முடியாது. வீரய்யா கோடு போட்டால்தான் நான் பூசலாம். மழைக்கு முன்னால் நான் பூசினால்தான் அந்தப் பிள்ளை அங்கே வரலாம்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம், வேலை முடிந்து அந்த வழியாக வந்தேன். நமுனுகுல மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் வீட்டுக்குள் பேச்சுக் குரல். எட்டிப் பார்த்தேன். கல்லெல்லாம் தெரிய நிற்கிற அறையில், விளக்கில்லாமல், வீரய்யா நடுச்சுவரில் காதை வைத்தபடி நின்றான். "இன்னும் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கியா பாக்கியம்?" என்று கேட்டான். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்கிற மாதிரி காதைச் சுவரில் இன்னும் அழுத்தினான். சத்தமில்லாமல் பின்னால் நடந்து, ரோட்டுக்கு வந்ததும் ஓடினேன். பயந்ததை ஒளித்து என்ன ஆகப்போகிறது? பயந்தேன்.

பயம் போனதும் கோபம் வந்தது. மறுநாள் காலையில் மணலும் சீமெந்தும் இறக்கி, அவன் வாசலிலேயே கலவை போட்டேன்.

"வீரய்யா, இன்னைக்கு நீ கோடு போடலன்னா நான் பூசிட்டுப் போயிருவேன்."

"பூசிரு ரெங்கசாமி" என்றான்.

ஒன்றும் தெரியாதவன் சொல்கிற வார்த்தை. இவன் வாயிலிருந்து வருகிறதே என்று எனக்குத் தலைக்கேறியது. கரண்டியைத் தூக்கிக் கலவையில் எறிந்தேன்.

"பூசிட்டா பொறகு கொத்த விட மாட்டேன். லைட்டுக்கு என்னடா பண்ணுவ?"

"இந்த வீட்டுக்கு லைட்டு வேணாம்."

"பேரப்புள்ள வரப்போற வீடுடா இது! புத்தி கெட்டுப் போச்சா ஒனக்கு?"

அவன் தோல்பையைத் திறந்து அடியிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்தான். ஈரத்தில் ஊறி ஊறி அட்டை துணி மாதிரி ஆகியிருந்தது. உள்ளே ஒரு சுவிட்ச். புதுசு, ஒருமுறையும் போட்டது இல்லை.

"மழைக்கு மொத நாள் ராத்திரி, புள்ள தூங்கினப் பொறகுதான், பாக்கியத்தோட சுவிட்ச் கெட்டுப் போச்சு" என்றான். "போட்டா நிக்காது. வெரல எடுத்தா அணைஞ்சிரும். அழுத்திப் புடிச்சிக்கிட்டே நிக்கணும். எங்கிட்ட சொன்னா. ஞாயித்துக்கெழம மாத்துறேன்னேன். ஞாயித்துக்கெழம மாத்துறேன்னேன்."

மழை வந்தது சனிக்கிழமை.

"புள்ளகிட்ட கேட்டேன். நின்னு எரிஞ்சிச்சாம். அது தானா நிக்காதுடா. அவ கதவு தெறந்துதான் இருந்திருக்கும். அவளுக்கு ஒரு எட்டுல வாசல். போகாம, சுவத்துல வெரல வச்சி அழுத்திக்கிட்டே நின்னிருக்கா."

"சரி வீரய்யா, அது முடிஞ்சி போச்சு. அந்தக் கம்பியெல்லாம் அன்னைக்கே வெட்டிட்டாங்க. அங்க ஏது கரண்டு?"

"கரண்டு இல்லன்னு எனக்குத் தெரியாதா? அவ வெரலு இன்னும் அதுமேலதான் இருக்கு. கண்டெடுத்திருந்தா கைய எடுத்து வச்சி மூடியிருக்கலாம். கண்டெடுக்கல. எந்த வேலையும் தொடங்க முன்னாடி மெயின் சுவிட்ச அணைக்கணும்டா, மொத நாளே எங்க பாஸ் சொல்லித் தந்தது அதுதான். அங்க அவ போட்டுப் புடிச்சிக்கிட்டு நிக்கிறா. நான் இங்க வந்து புது வேலைக்குக் கோடு போடவா?"

கலவை இறுகிக்கொண்டிருந்தது, நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

வாசலில் நிழல் தட்டியது. ஜெயந்தினி. எங்களுக்குத் தேத்தண்ணி கொண்டு வந்தவள், கேத்தலைப் பிடித்தபடி நிலையில் சாய்ந்து நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது முகத்தில் தெரிந்தது.

"சுவிட்ச் கெட்டுப் போனது எனக்குத் தெரியாதுப்பா" என்றாள். "நீங்க சொல்லவே இல்ல."

வீரய்யா தலையைக் குனிந்துகொண்டான்.

"நானும் ஒண்ணு ஒங்ககிட்ட சொல்லல" என்றாள். கேத்தலைக் கீழே வைத்தாள். "நான் கொண்டியத் தேடிக்கிட்டு இருக்கிறப்ப அத்த அந்தப் பக்கத்துல இருந்து சத்தம் போட்டாங்க. 'ஓடு புள்ள. வெளிய போயிட்டு எனக்கு ஒரு கொரல் குடு. அப்பதான் அணைப்பேன்'னாங்க. கதவு தெறந்ததும் நான் ஓடிட்டேன். கோயில் படிகிட்டப் போய்த்தான் திரும்பிப் பாத்தேன். லைட்டு அப்பவும் எரிஞ்சிச்சு. கொரல் குடுக்க வாயத் தொறந்தேன். அதுக்குள்ள எல்லாம் போயிருச்சு."

அவள் அப்பாவை நேராகப் பார்த்தாள். "நான் கொரல் குடுக்கவே இல்லப்பா. நான் வெளிய வந்தது அத்தைக்குத் தெரியாது."

இத்தனை காலம் ஒரே காம்பராவுக்குள் அப்பனும் மகளும் ஆளுக்கொரு பாதியை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறார்கள். ஒருவர் வாய் திறந்திருந்தால் மற்றவர் பாதியும் வெளியே வந்திருக்கும். எனக்கு இருவர்மேலும் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. மேசன் கை எல்லாம் சீமெந்து, கண்ணைத் துடைக்கக்கூட வழியில்லை.

ஜெயந்தினி அறைக்குள் வந்து நடுச்சுவரின் முன்னால் நின்றாள். யாரும் சொல்லாமலே கண்ணை மூடிக்கொண்டாள். கை எழும்பவில்லை. வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி முகத்தை மேலே, சுவருக்கும் கூரைக்கும் இடையே பார்க்கிற மாதிரி தூக்கினாள். புது வீட்டில் அங்கே இடைவெளி இல்லை, கல் கூரை வரைக்கும் போகிறது. அவள் கண் மூடியிருந்ததால் அது அவளுக்குத் தெரியவில்லை.

"அத்தே!" என்று கூப்பிட்டாள். வெறும் வீட்டில் அந்தக் குரல் தகரத்தில் மோதித் திரும்பியது. "அத்தே, நான் வெளிய வந்துட்டேன். கைய எடுங்க. அணைச்சிருங்க."

எந்தச் சத்தமும் இல்லை. வெளியே பனி விலகி, எதிர்மலையின் சிவப்புத் தெரிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என்ன எதிர்பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வீரய்யா சுவரில் சரிந்து உட்கார்ந்து அழுதான். நன்றாக அழட்டும் என்று விட்டேன். பிறகு அவனே எழுந்தான். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு பைக்குள் சாக்குக்கட்டியைத் தேடினான்.

"கண்ண மூடியே இரு புள்ள" என்றான். "இப்ப லைட்டப் போடு."

அவள் கை மெதுவாக எழும்பி, தோள் உயரத்தில் கல்லைத் தொட்டது. அவன் அந்த இடத்தில் வட்டம் போட்டான். நான் போட்ட கலவை வீணாகிவிட்டது. ஒரு மூட்டை சீமெந்து வீணானதற்கு அன்றைக்குத்தான் எனக்குக் கோபம் வரவில்லை.

அவன் வெட்டி, பைப் பதித்து, பெட்டி வைத்தான். மழைக்கு முன்னால் நான் பூசி முடித்தேன். காய்ந்ததும் வயர் இழுத்தான். எல்லாச் சுவிட்சும் கடையில் புதிதாக வாங்கியது. நடுச்சுவரில் மட்டும் அந்த ஊறிப்போன பெட்டிக்குள் இருந்ததை எடுத்து மாட்டினான். பதுளை ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது, பொம்பிளைப் பிள்ளை. நிஷாந்த் ஓட்டோவில் கூட்டி வந்தான். பால் காய்ச்சப் பொழுது சாய்ந்துவிட்டது. நானும் என் சம்சாரமும் போயிருந்தோம்.

உள்ளே மங்கலாகிக்கொண்டு வந்தது. ஜெயந்தினி பிள்ளையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு நடுச்சுவருக்குப் போய்ச் சுவிட்சைப் போட்டாள். அறை முழுக்க வெளிச்சம் வந்தது. அவள் திரும்பவில்லை. விரலை அதன்மேல் அழுத்தியபடியே நின்றாள்.

வீரய்யா பக்கத்தில் போனான்.

"கைய எடு புள்ள" என்றான். "நிக்கும்."

அவள் விரலை எடுத்தாள். வெளிச்சம் நின்றது.